கொலையாளி பெயரைச் சொல்லாமல் கொலை நாவலைப் பற்றிப் பேசுவது எப்படி

தொடர் கொலை நாவல் ஒன்றைப் படித்து முடித்தவர்களை உட்கார வைத்து "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். செம விறுவிறுப்பு, கீழே வைக்க முடியல, கடைசித் திருப்பம் சூப்பர், நான் பாதியிலேயே கண்டுபிடிச்சுட்டேன் என்று இந்த நாலு பதிலுக்கு மேல் வராது. பத்து நிமிஷத்தில் பேச்சு இறால் விலைக்குப் போய்விடும். முன்னூறு நானூறு பக்கம் கண்முழித்துப் படித்தவர்களுக்கு உண்மையில் சொல்ல நிறைய இருக்கும், கேட்கிறவர்கள் சரியாகக் கேட்பதில்லை என்பதுதான் சிக்கல்.

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று இந்தக் கரையோரத்தில் நாலு பேர் சேர்ந்து நாவல் படித்துப் பேச ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் கட்சி ஒன்றே ஒன்று. கொலையாளி யார் என்பதைத் தொடாமலே ஒரு கொலை நாவல் தேறுமா தேறாதா என்று முழுசாகச் சொல்லிவிடலாம், ஆனால் அதற்குப் பக்கத்தைக் காட்டிப் பேச வேண்டும், எந்த இடத்தில் நம்பினோம், எந்த இடத்தில் விட்டுப்போச்சு என்று.

முதலில் ஆளும் நேரமும். நம் பக்கம் இதற்குத் தோதான காலம் மீன்பிடித் தடைக்காலம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும், பகலில் வலை பொத்துவது, இன்ஜின் பிரிப்பது, பெயிண்ட் அடிப்பது என்று வேலை இருந்தாலும் சாயங்காலம் ஆள் கரையில் இருப்பார். பள்ளிக்கூடமும் லீவு. மற்ற மாதங்களில் கொஞ்சம் சிரமம், வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, மீதி நாள் நாட்டுப்படகுக்கு என்று ஏற்பாடு இருப்பதால் இரண்டு தரப்பு ஆளும் ஒரே சாயங்காலம் கையில் கிடைப்பது அபூர்வம். வெள்ளிக்கிழமை ஜும்மாவையும் ஞாயிறு காலைப் பூசையையும் விட்டுவிட்டு நாள் குறியுங்கள். கீழக்கரை மாதிரி ஊரில் பெண்கள் தனியாக ஒரு வீட்டில் கூடிப் பேசி, அதை யாராவது ஒருவர் எழுதிக் கொடுத்தால் போதும், எல்லாரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்தால்தான் கருத்து என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். ஆறேழு பேர் சரியான அளவு. பத்தைத் தாண்டினால் இரண்டு பேர் பேசுவார்கள், மீதிப் பேர் தலையாட்டுவார்கள்.

ஆட்களில் கலவை வேண்டும். வாசிப்புப் பழக்கம் உள்ளவர்களை மட்டும் சேர்த்தால் எல்லாரும் ஒரே மாதிரி பேசுவார்கள். ஒரு படகுக்காரர், ஒரு நர்ஸ், கோர்ட்டுப் பக்கம் வேலை பார்க்கிற ஒருவர், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு மாத நாவல் படித்தே வளர்ந்த ஒரு அக்கா, இப்படி நாலு திசையிலிருந்து வந்தால் அந்த நாவலுக்குத் தப்பிக்க வழி இருக்காது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

புத்தகம் ஆளுக்கொன்று வாங்க முடியாது, ஒரு பிரதி கைமாறித்தான் வரும். அப்போது ஒரு பழைய வியாதி தலைதூக்கும். வாடகை நூல் நிலையக் காலத்திலிருந்தே இருக்கிறது அது, பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு பேரைச் சுற்றி வட்டம் போட்டு "இவன்தான் கொலைகாரன்" என்று பேனாவால் எழுதி வைத்திருப்பான் ஒரு புண்ணியவான். அவனைத்தான் முதலில் பிடிக்க வேண்டும், நாவலில் வருகிறவனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஆகவே விதி: புத்தகத்தில் எழுதவே கூடாது. ஆளுக்கொரு சின்ன நோட்டு, அதில் பக்க எண்ணும் ஒரு வரியும். "பக்கம் 84: இன்ஸ்பெக்டர் ஏன் போனை எடுக்கலை?" இவ்வளவு போதும். படித்து முடித்த பிறகு ஞாபகத்திலிருந்து எழுதுவதைவிட இந்த ஒற்றை வரிகளுக்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் முடிவு தெரிந்த பிறகு எல்லாருக்கும் எல்லாம் முன்பே தெரிந்த மாதிரி ஆகிவிடும்.

படிக்கக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, இதைப் பலர் செய்வதில்லை. நாவலை முதலில் படித்தவர், மனசைக் கலைக்கும் காட்சிகள் எந்தெந்தப் பக்கத்தில் வருகின்றன என்று ஒரு துண்டுச் சீட்டில் குறித்து உள்ளே வைக்க வேண்டும். குழந்தைக்கு நடப்பது, பாலியல் வன்முறை, இதெல்லாம் எல்லா ஊருக்கும் பொது. நம் கரையில் இன்னொன்று உண்டு. உடல் கரை ஒதுங்கும் காட்சி. கடலுக்குப் போய்த் திரும்பாத ஆள் இல்லாத தெரு இந்தப் பக்கம் கம்மி. நகரத்தில் உட்கார்ந்து படிக்கிறவருக்கு அது திகிலான ஒரு அத்தியாயத் தொடக்கம், இங்கே ஒருவருக்கு அது தன் வீட்டு வாசல். "அக்கா, 41லிருந்து 46 வரை தள்ளிட்டுப் படிங்க, கதைக்கு ஒன்னும் குறையாது" என்று சாதாரணமாகச் சொல்லிக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. அதற்கு மேல் விளக்கம் கேட்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம்.

அடுத்தது நிறுத்திப் படிப்பது. நாவலை மூன்று பாகமாகப் பிரித்துக்கொள்ளுங்கள், அத்தியாயம் முடிகிற இடமாகப் பார்த்து. முதல் பாகம் எல்லாரும் முடித்த பிறகு ஒரு கூட்டம், இரண்டாம் பாகத்துக்கு ஒரு கூட்டம், கடைசியில் ஒன்று. முதல் இரண்டு கூட்டத்திலும் ஆளுக்கொரு சீட்டில் யார் மேல் சந்தேகம், ஏன் என்று எழுதி மடித்துப் போட வேண்டும். மேலே பேரும் தேதியும். "நான் அப்பவே சொன்னேன்ல" என்கிறவர்களுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது, சீட்டைப் பிரித்துப் படித்தால் அப்பவே அவர் சொன்னது வாட்ச்மேனை.

சீட்டு அவரை மடக்குவதற்கு மட்டும் இல்லை. முதல் பாகம் முடிந்தபோது ஏழு பேரில் ஆறு பேர் ஒரே ஆளைச் சந்தேகப்பட்டிருந்தால், எழுத்தாளர் அந்தப் பக்கம் நம்மைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார் என்று அர்த்தம். எந்த வரியில் தள்ளினார்? அதைத் தேடிப் படித்துக் காட்டுவதுதான் முதல் கூட்டத்தின் முழு வேலையும். ஏழு பேரும் ஏழு ஆளைச் சொன்னால் அது இன்னும் சுவாரசியம். யாருமே எந்தப் பேரும் எழுதாமல் "யாரா இருந்தா என்ன" என்று போட்டிருந்தால் நாவல் அங்கேயே விழுந்துவிட்டது, மேற்கொண்டு படிப்பதா என்று வாக்கெடுப்பு நடத்தலாம்.

துப்பு நியாயமாக வைக்கப்பட்டதா என்று பார்க்க ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது. ரொனால்ட் நாக்ஸ் என்று இங்கிலாந்தில் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், துப்பறியும் கதையும் எழுதியவர், 1929இல் அந்த வகைக் கதைக்குப் பத்துக் கட்டளை போட்டார். முதல் கட்டளை: குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே வந்துவிட வேண்டும், ஆனால் அவன் மனசுக்குள் ஓடுவதை வாசகர் பார்த்திருக்கக் கூடாது. இதில் முதல் பாதி இன்றைக்கும் செல்லும். முன்னூறாவது பக்கத்தில் திடீரென்று ஒரு தூரத்துச் சொந்தக்காரனைக் கொண்டுவந்து இறக்கி இவன்தான் என்றால் அது ஏமாற்று வேலை, அப்படியே சொல்லிவிடலாம். இரண்டாம் பாதியைத்தான் இன்றைய தொடர் கொலை நாவல்கள் வேண்டுமென்றே மீறுகின்றன. நாலு அத்தியாயத்துக்கு ஒரு தடவை சாய்வெழுத்தில் ஒரு அத்தியாயம் வரும், பேர் இல்லாத ஒருவன், இருட்டறை, சின்ன வயசு ஞாபகம், அடுத்து யார் என்ற யோசனை. நமக்கு அவன் மனசு தெரியும், முகம் தெரியாது.

இந்தச் சாய்வெழுத்து அத்தியாயங்களைப் பற்றித் தனியாக ஒரு சுற்றுப் பேசுங்கள், நாவலின் தரம் பெரும்பாலும் அங்கேதான் பிடிபடும். கேட்க வேண்டிய கேள்வி எளிமையானது: அந்த அத்தியாயம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் படித்தால் என்ன போகும்? ஒன்றும் போகாது என்றால் அது வெறும் பூச்சாண்டி. அவன் சொல்கிற ஒரு சாதாரண விவரம், ஒரு வாசனை, ஒரு வேலை நேரம், பின்னால் துப்பாக மாறுகிறது என்றால் எழுத்தாளர் உழைத்திருக்கிறார். இன்னொன்றையும் கவனியுங்கள். கொலையாளி தனக்குத்தானே பொய் சொல்லிக்கொண்டு நம்மை ஏமாற்றுவது வேறு, எழுத்தாளர் நேரடியாகவே பொய் எழுதுவது வேறு. "அவள் அறைக்குள் நுழைந்தாள்" என்று கதைசொல்லி எழுதிவிட்டுக் கடைசியில் அது அவள் இல்லை, அவன் என்றால், அதை மன்னிப்பதா வேண்டாமா என்று உங்கள் குழுவில் சண்டை வரும். வரட்டும். நான் மன்னிக்காத கட்சி.

முடிந்த பிறகு ஒரு சோதனை. கொலையாளி யார் என்று தெரிந்துகொண்டு முதல் நூறு பக்கத்தை மறுபடி புரட்டி, மூன்று இடத்தையாவது காட்ட முடிகிறதா பாருங்கள், இதோ இங்கே இருந்தது, நாம்தான் தாண்டிப் போனோம் என்று. மூன்று கிடைத்தால் நல்ல நாவல். ஒன்றுதான் கிடைக்கிறது, அதுவும் "அவன் சிரித்தான், கண்கள் சிரிக்கவில்லை" மாதிரி வரி என்றால் அதைத் துப்பு என்று கணக்கில் சேர்க்காதீர்கள்.

சரி, இப்போது ஏன் கொன்றான் என்ற விஷயம். இதில்தான் பெரும்பாலான நாவல்கள் சோம்பேறித்தனம் காட்டும், பெரும்பாலான வாசகர்களும் விட்டுக்கொடுத்துவிடுவார்கள். கடைசி இருபது பக்கத்தில் ஒரு டாக்டர் வந்து ஏதோ ஒரு நோயின் பெயரைச் சொல்வார், சின்ன வயசில் அம்மா இப்படிச் செய்தாள் என்பார், முடிந்தது. "அவன் ஒரு சைக்கோ, அதான்" என்று வாசகரும் புத்தகத்தை மூடிவிடுவார்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு நாம் அப்படி மூடக் கூடாது என்பது என் கருத்து. மனநோயாளிகளைக் குணம் தேடி அழைத்துவரும் தர்கா இருக்கிற ஏர்வாடி நமக்குப் பக்கத்து ஊர். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அங்கே தனியார் நடத்திய காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் இறந்துபோனார்கள். மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் திட்டவட்டமாகச் சொல்கிறது. தர்காவுக்கு அழைத்துவரப்பட்டவர்களையும் அவர்களுடன் வந்து மாசக்கணக்கில் தங்கிய அம்மாக்களையும் பார்த்து வளர்ந்த ஆட்கள் நாம். மனநோய் உள்ளவர் பிறருக்குச் செய்யும் கொடுமையைவிடப் பிறர் அவருக்குச் செய்யும் கொடுமைதான் அதிகம் என்பது நமக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதில்லை. அப்படியிருக்க, மாத்திரை சாப்பிடுகிற ஒரு பாத்திரத்தைக் காட்டி உடனே பின்னணி இசை போடுகிற மாதிரி எழுதும் நாவலைப் பார்த்தால் கூட்டத்தில் அதைச் சொல்லியே ஆக வேண்டும், பக்க எண்ணோடு.

அதற்காக மனநோய் உள்ள கொலையாளியே கிடையாது என்று சாதிக்கவும் வேண்டாம். மும்பையில் 1960களில் நடைபாதையில் தூங்கியவர்களை அடித்துக் கொன்று 1968இல் பிடிபட்ட ராமன் ராகவுக்கு மனச்சிதைவு நோய் என்று மருத்துவர்கள் சொன்னதால்தான் மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. அந்தப் பக்கம் அது. இந்தப் பக்கம் தமிழ்நாட்டுக்கே தெரிந்த ஆட்டோ சங்கர், ஆறு கொலைக்காக 1995இல் சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டவர், அங்கே நோயைத் தேட வேண்டியதில்லை, கள்ளச்சாராயம், விபச்சாரம், பணம், பழக்கமான பெரிய மனிதர்கள் என்று எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற காரணங்கள். ஆகவே ஒரு நாவலைப் பார்த்துக் கேட்க வேண்டியது, இவன் கொன்றதற்கு நோயைத் தவிர வேறு என்னவெல்லாம் உதவியது? யார் கண்ணை மூடிக்கொண்டார்கள்? எந்தப் புகாரை ஸ்டேஷனில் வாங்காமல் திருப்பி அனுப்பினார்கள்? இதற்குப் பதில் வைத்திருக்கிற நாவல் நிற்கும்.

அப்புறம் செத்தவர்கள். இந்தச் சுற்றை எப்படி நடத்துவது என்றால், புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, கொலை செய்யப்பட்டவர்களின் பெயரை மட்டும் எல்லாரும் தனித்தனியாக எழுத வேண்டும். கூடவே ஆளுக்கொரு விவரம், அவர் என்ன வேலை பார்த்தார், என்ன சாப்பிடப் பிடிக்கும், யார் மேல் கோபமாக இருந்தார், ஏதோ ஒன்று. பெரும்பாலும் பேனா அந்தரத்தில் நிற்கும். கொலையாளியின் கையுறை என்ன நிறம் என்று ஞாபகம் இருக்கும், இரண்டாவதாகச் செத்த பெண்ணின் பெயர் வராது. கீழக்கரையில் ஒரு லாத்தா, முஸ்லிம் வீட்டு அக்கா, இதை ஒரே வரியில் சொன்னார்: "நாலு பொண்ணு செத்துச்சு தம்பி, மூணு பேருக்கு மையத்தா ஆன பொறவுதான் பேரே வருது." மையத் என்றால் சடலம். அந்த நாவலைப் பற்றி அதைவிடக் கூர்மையாக யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நாவல்களை மட்டும் குறை சொல்ல முடியாது. 1888இல் லண்டனின் வைட்சேப்பல் பகுதியில் பெண்களைக் கொன்றவனுக்குப் பத்திரிகைகள் கொண்டாடிய 'ஜாக் தி ரிப்பர்' என்ற பட்டப்பெயர் உலகத்துக்கே தெரியும், ஆள் கடைசிவரை பிடிபடவும் இல்லை. அவன் கணக்கில் வழக்கமாகச் சேர்க்கப்படும் ஐந்து பேர் மேரி ஆன் நிக்கோல்ஸ், ஆனி சாப்மன், எலிசபெத் ஸ்ட்ரைட், கேத்தரின் எட்டோஸ், மேரி ஜேன் கெல்லி. இந்தப் பெயர்களைக் கூட்டத்தில் படித்துக் காட்டிவிட்டு "இவங்க யாரு?" என்று கேட்டால் கை தூக்க ஆள் இருக்காது. கொலையாளி போலீசுக்குச் சவால் விட்டுக் கடிதம் எழுதுவது என்ற சங்கதியும் அந்த வழக்கிலிருந்துதான் பரவலானது, அந்தப் பட்டப்பெயர் முதலில் வந்ததே ஒரு செய்தி நிறுவனத்துக்கு வந்த கடிதத்தில், அதை எழுதியது ஒரு பத்திரிகைக்காரராகவே இருக்கும் என்று அன்றைய போலீஸ் அதிகாரிகளே நினைத்தார்கள். உங்கள் கையில் இருக்கும் நாவலிலும் கடிதம் வந்தால், அது கதைக்குத் தேவைதானா என்று கேளுங்கள்.

இனி, பல தொழில் ஆட்கள் வேண்டும் என்று சொன்னதற்குக் காரணம். நாவல் எங்கே புளுகுகிறது என்று அந்தந்த வேலை தெரிந்தவருக்குத்தான் தெரியும்.

நாங்கள் படித்த ஒரு நாவலில், பேர் வேண்டாம், சொன்னால் பாதி மர்மம் போய்விடும், மார்கழி மாதம், பௌர்ணமி இரவு, கொலையாளி வடகடலில் சின்ன வள்ளத்தைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய் உடலைப் போட்டுவிட்டுச் சத்தமில்லாமல் திரும்புவான். அமைதியான கடல், நிலா வெளிச்சம், அழகான வர்ணனை. மண்டபத்துக்காரர் ஒருவர் இரண்டு பத்தி கேட்டதும் சிரித்துவிட்டார். வாடைக்காற்று அடிக்கிற மாசத்தில் வடகடல் கொந்தளித்துக் கிடக்கும், அப்போது அடங்கியிருப்பது தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா. ஆனி ஆடியில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும்போது அப்படியே மாறும், தென்கடல் எகிறும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். "இவன் கொலைகாரன் இல்ல தம்பி, நீச்சல் சாம்பியன்" என்றார். இவ்வளவுக்கும் மன்னார் வளைகுடாப் பக்கம் தீவுகள் 21 இருக்கின்றன, கடல்சார் தேசியப் பூங்கா எல்லை, வனத்துறைக் காவல் இருக்கும் இடம், அங்கே வைத்திருந்தால் மாட்டிக்கொள்ளும் பயமும் சேர்ந்து கதை இன்னும் இறுகியிருக்கும். எழுத்தாளர் கையில் இருந்த நல்ல சரக்கை விட்டுவிட்டார் என்று சொல்வதும் கருத்துத்தான்.

நர்சுக்கு வேறு விஷயம் உறுத்தும். விறைப்பை வைத்து இறந்த நேரத்தைக் கணக்குப் போடும் காட்சியில் பல நாவல்கள் குளிர் நாட்டுக் கணக்கை அப்படியே எழுதிவிடுகின்றன. நம் வெயிலில் உடல் விறைப்பது சீக்கிரம் தொடங்கிச் சீக்கிரம் விட்டும்விடும். தண்ணீரில் மூழ்கிய உடல் உள்ளே வாயு சேர்ந்த பிறகுதான் மேலே வரும், வெதுவெதுப்பான கடலில் அதுவும் சீக்கிரம் நடக்கும். நுரையீரலில் தண்ணீர் இருந்தால் மூழ்கிச் செத்தார், இல்லாவிட்டால் கொன்று போட்டார்கள் என்று போஸ்ட்மார்ட்டம் டாக்டர் ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்வதும் சினிமாத்தனம், நிஜத்தில் தண்ணீரில் உள்ள நுண்பாசி எலும்பு மஜ்ஜை வரை போயிருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள், அதையும் மற்றவற்றோடு சேர்த்துத்தான் முடிவு சொல்வார்கள்.

கோர்ட்டு ஆளுக்கு இன்னும் கொண்டாட்டம். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்பது பல நாவல் இன்ஸ்பெக்டர்களுக்குத் தெரியாது, ஒரு வாரம் அறைக்குள் வைத்து விசாரிப்பார்கள். போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது, அதன் வழியாகக் கண்டெடுத்த கத்தியோ நகையோ செல்லும், இந்த ஒரு நுணுக்கத்திலேயே அருமையான அத்தியாயம் எழுதலாம், ஆனால் பெரும்பாலும் கொலையாளி அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு கதை முடிந்துவிடும். உண்மை அறியும் ஊசியைச் சம்மதம் இல்லாமல் போடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010இல் சொல்லியாகிவிட்டது, அதற்குப் பிறகு நடக்கும் கதையில் அப்படிப் போட்டால் ஒரு கேள்வி கேளுங்கள். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் சந்தேகமான முறையில் இறந்தால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை வரும், அது இல்லாமலே நாவல் தாண்டிப் போனாலும் கேளுங்கள். 2024 ஜூலை 1க்குப் பிறகு நடக்கும் கதையில் "302ல உள்ள போடு" என்று ஏட்டு சொன்னால் அது பழக்க தோஷம், பேச்சில் வரலாம், எஃப்.ஐ.ஆரில் வந்தால் தப்பு, இப்போது கொலைக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 103ஆம் பிரிவு.

ஆனால் இதை ஒரு எல்லையோடு நிறுத்துங்கள். தப்புக் கண்டுபிடிக்கும் சுகம் தொற்றிக்கொண்டால் கூட்டம் முழுக்க அதிலேயே போய்விடும். என் அளவுகோல் இது: அந்தத் தப்பைத் திருத்தினால் கதை உடைகிறதா? உடையவில்லை என்றால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். கடல் அமைதியாக இல்லாவிட்டால் அந்தக் கொலையே நடந்திருக்க முடியாது என்றால் அது பெரிய ஓட்டை.

கருத்தை எழுதி வைப்பதைப் பற்றி. ஆளுக்கு ஒரு பத்தி போதும், ஐந்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போட வேண்டாம், போட்டால் எல்லாரும் மூன்றரை போடுவார்கள். வித்தியாசம் தெரிய இரண்டு மாதிரி தருகிறேன். முதலாவது: "ஆரம்பம் முதல் இறுதி வரை விறுவிறுப்பு குறையாத அருமையான திரில்லர். எதிர்பாராத கிளைமாக்ஸ். அனைவரும் படிக்க வேண்டிய நாவல்." இதை எந்த நாவலுக்கும் ஒட்டலாம், நாவலைப் படிக்காமலும் எழுதலாம். இரண்டாவது: "முதல் 120 பக்கம் ஒரே இரவில் போனது. மூன்றாவது கொலைக்குப் பிறகு இன்ஸ்பெக்டரின் குடும்பச் சண்டை வந்து 40 பக்கம் தூங்கினேன். ஆனால் செத்துப்போன டீச்சரின் அம்மா, மகளின் ரேஷன் கார்டில் பெயரை எடுக்க ஆபீசுக்கு அலையும் அத்தியாயத்துக்காகவே புத்தகத்தை இன்னொருவருக்குக் கொடுப்பேன். முடிவு நியாயமாக இருந்தது, காரணம் நியாயமாக இல்லை." இதில் கொலையாளியைப் பற்றி ஒரு எழுத்துக்கூட இல்லை, ஆனால் படிக்கலாமா வேண்டாமா என்று அடுத்தவர் முடிவு செய்துவிடலாம். பிடித்தது எது, பிடிக்காதது எது என்று இரண்டுக்கும் இடம் இருந்தால் கருத்து தானாகவே உருப்படியாகிவிடும்.

மர்மத்தைக் காப்பாற்றுவது பெயரைச் சொல்லாமல் இருப்பதோடு முடியாது. "கடைசியில ஒரு ட்விஸ்ட் இருக்கு பாருங்க" என்றாலே போச்சு, அடுத்து படிக்கிறவர் முதல் பக்கத்திலிருந்து யாரையும் நம்ப மாட்டார். "டாக்டரை நல்லா கவனிச்சுப் படிங்க" என்பதும், ஒரு குறிப்பிட்ட பாத்திரத்தின் பெயர் வரும்போது மட்டும் பேச்சை மாற்றுவதும், சிரிப்பதும் அதே ரகம். இன்னும் முடிக்காதவர் ஒருவர் இருந்தாலும் மூன்றாம் பாகத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது, "காதைப் பொத்திக்கங்க" என்று சொல்லிவிட்டுப் பேசுவது மரியாதை இல்லை. வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போடுகிறவர்கள் இதில் மகா ஆபத்தானவர்கள், ஏனென்றால் எழுத்தைத் தாண்டிப் போகலாம், குரல் ஓடிக்கொண்டே வந்து சட்டென்று பேரைச் சொல்லிவிடும். முடிவைப் பற்றிய பேச்சுக்கு எழுத்து மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருமித்த கருத்துக்கு அலையாதீர்கள். "குழுவின் தீர்ப்பு" என்று ஒன்றை எழுதினால் சண்டை போட்ட நல்ல விஷயமெல்லாம் அதில் கரைந்துபோகும். லாத்தா சொன்னதையும் மண்டபத்துக்காரர் சொன்னதையும் அவரவர் வார்த்தையிலேயே எழுதுங்கள், வெட்டி ஒட்டித் திருத்தாமல், ஒன்றுக்கொன்று முரணாக இருந்தாலும் அடுத்தடுத்து. சீட்டுகளையும் சேர்த்து ஒரு உறையில் போட்டு மேலே "முடித்தவர்கள் மட்டும்" என்று எழுதி, புத்தகத்தோடு வைக்காமல் தனியாக ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

அடுத்த நாவலை யார் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியில் பல குழுக்கள் உடையும், எப்போதும் அதிகம் படித்தவரே எடுப்பார், மற்றவர்களுக்கு அலுத்துவிடும். இந்த நாவல் பிடிக்கவே இல்லை என்று யார் காரணத்தோடு சொன்னாரோ அவர் கையில் தேர்வைக் கொடுத்துப் பாருங்கள். எங்கள் பக்கம் இப்போது அந்த உரிமை நீச்சல் சாம்பியன் என்று சிரித்தவரிடம் இருக்கிறது. கடலே வராத கதையாகத் தேடிக்கொண்டிருக்கிறார்.